வலியும் வலிப்பும்

கம்பத்திலிருந்து தேனி செல்லும் பேருந்தில், எனக்குப் பின்சீட்டில் ஒரு ஜீப் டிரைவர் மனைவியிடம் பதறிக்கொண்டிருந்தார்.

"மாத்திரய நிறுத்திட்டேன். அது வலிப்பு மாத்திரயாம்ல!"

"கால் முறிஞ்ச எடத்துல எரியுதே, அந்த நரம்பு வலிக்கும் அதத்தான் குடுப்பாகன்னு டாக்டரம்மா சொன்னாகல்ல?"

"மொதலாளிக்குத் தெரிஞ்சா ஜீப்பு சாவியப் புடுங்கிருவாக."

திரும்பிப் பார்த்தேன்; அவர் கையிலிருந்த மாத்திரை அட்டை என் பையில் இருப்பதேதான். முழங்கை முறிந்த வலிக்கு அதை விழுங்கும் எனக்கு, உட்கார்ந்த இடத்திலேயே வலிப்பு வந்துவிட்டது போலிருந்தது. நாக்கு பத்திரமாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்துக்கொண்டேன்.

"திடீர்னு நிறுத்திப்புட்டு, இப்பக் கை இந்த நடுங்கு நடுங்குது. இந்தக் கையோடயா மேகமலைக்கு வண்டிய ஏத்தப் போறீக?"

அவர் அட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"சரி, டாக்டரம்மாகிட்டயே போவோம். மருந்துச் சீட்டுல வலின்னு மட்டும் எழுதச் சொல்லுடி. கூட ஒரு 'ப்பு' சேத்தாகன்னா என் பொழப்பு போச்சு."