முருங்கையில் கட்டிய நட்சத்திரம்

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைப் போயும் போயும் முருங்கைக் கிளையில் கட்டியவன் நான். முதல் காற்றிலேயே கிளை ஒடிந்து நட்சத்திரம் கிழிந்தது. புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு ஆவூர் பஸ்ஸில் திரும்பும்போது, முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“கிறிஸ்துமஸ் குடிலு கூரை நேத்தும் பறந்துருச்சுக்கா. சாயந்தரம் குடில் போட்டிக்குப் பாக்க வாராங்க.”

“எங்க வீட்டுல மீமிசல் கடக்கரையிலேருந்து கொண்டாந்த பழைய மீன் வலை கெடக்கு. கூரை மேல போத்தி, நாலு மூலையிலயும் மண்ணு ரொப்புன பாட்டிலக் கட்டிவிடு.”

“வலையப் போட்டா குடிலுல நிக்கிற சூசையப்பர மீன்காரருன்னு நெனைக்க மாட்டாங்களா?”

“நெனைக்கட்டுமே. தச்சரு அவரே உள்ள நின்னு பாத்துக்கிட்டு இருக்கையிலயே ஒம் புருஷன் போட்ட கூரை பறக்குது. அந்த மானக்கேட்டுக்கு இது தேவலை.”

வீட்டுக்கு வந்ததும், புது நட்சத்திரத்தையும் அப்படி வலை போட்டுக் கட்டலாமா என்று மனைவியிடம் கேட்டேன். ஒடிந்த கிளையிலிருந்து கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்:

“வலையெல்லாம் வேணாங்க. இதையும் முருங்கையிலயே கட்டுங்க. நாளைக்கும் கீரை வேணும்.”