சாரையைக் கொன்றவர் கடையில் எலி விட்டது குறித்து

என் பெயர் உண்ணாமலை, வயது 46, கணவர் ராமகிருஷ்ணன் காலமாகிவிட்டார். அடி அண்ணாமலையில் குடியிருந்து, கிரிவலப் பாதையை ஒட்டியுள்ள எழுபது சென்ட் நிலத்தில் வேர்க்கடலை பயிர் செய்து வருகிறேன். எனக்கும் என் மகள் ஆர்த்திக்கும் அந்த விளைச்சல்தான் சோறு.

என் நிலத்துக்கும் ராஜேந்திரன் என்பவரின் மளிகைக் கடைக்கும் நடுவே கிளுவை வேலி இருந்தது. வேலியடிப் புற்றில் ஆறடிச் சாரை ஒன்று நாலு வருடமாகக் குடியிருந்தது. பட்டப்பகலில் வரப்போரம் இரை தேடும், எலி வளையில் நுழைந்தால் குட்டிவரை விழுங்கிவிட்டுத்தான் வெளியே வரும். அதற்கு விஷம் கிடையாது. அது இருந்தவரை நான் எலிமருந்து வாங்கியதில்லை.

கடந்த தை மாதம் ஒரு காலையில் ராஜேந்திரன் பொக்லைன் வைத்து வேலியையும் புற்றையும் வாரினார். சாரை வெளியே ஓடி வந்தது. அவர் கடப்பாரையை எடுக்கவும் நான் குறுக்கே போய், "அது சாரைண்ணா, எலிய தின்னுட்டு அதுபாட்டுக்குப் போவுது, உட்டுடுங்க" என்றேன். அதற்கு அவர், "சாரை நல்லபாம்புக்கு ஜோடிம்மா. இது இருந்தா அதுவும் வரும். பௌர்ணமிக்கு வர்ற ஜனம் பயப்படாதா?" என்று சொல்லி, என்னை ஒதுக்கிவிட்டு அடித்துக் கொன்றார். அதன் பிறகு, பாவம் சேரக்கூடாது என்று அதன்மேல் பால் ஊற்றிக் கற்பூரமும் ஏற்றினார். அந்தக் கற்பூரத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

அதன் பிறகு மாசியில் வரப்பெல்லாம் எலி வளையானது. பங்குனியில் செடியைப் பிடுங்கியபோது பாதிக்குமேல் வெறும் ஓடுதான் வந்தது. அந்த ஓடுகளை ஒரு கூடை கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். "எலிக்கு நான் என்னாம்மா பண்ணுவேன்?" என்றார். அன்றே முடிவு செய்துவிட்டேன், அதை மறைக்கவில்லை.

அதன் பிறகு ஆறு கூண்டுப்பொறி வாங்கி, மசால் வடை வைத்து, என் நிலத்து எலிகளை உயிரோடு பிடித்தேன். சித்திரைப் பௌர்ணமிக்கு முந்தைய வாரம் முழுக்க, ராஜேந்திரன் மத்தியானம் கடையடைத்துச் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, பின்பக்க ஜன்னல் வழியாக அவருடைய சரக்கறைக்குள் திறந்துவிட்டேன். அரிசி, அவல், பொட்டுக்கடலை மூட்டைகள் அங்கேதான் இருந்தன. யாரும் எனக்கு உதவவில்லை, ஆர்த்திக்கும் தெரியாது.

பௌர்ணமியன்று காலை ராஜேந்திரன் ஓட்டை விழுந்த சாக்கோடு என் வாசலுக்கு வந்து, "மருந்து வச்சா சரக்கு பாழாவும். எலி உனக்குப் பழக்கமாச்சே, என்னா பண்றது சொல்லும்மா" என்று கேட்டார். "நான்தாங்க உட்டேன். வேலி போடுங்க. புத்து வளரணும், அப்புறம் சாரை தானா வரணும். நாலஞ்சு வருசம் ஆவும்" என்றேன். அதன் பிறகுதான் அவர் புகார் கொடுத்தார்.

வருத்தம் உண்டா என்று கேட்கப்பட்டது. சாரையை நினைத்து உண்டு.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒரு பிழை தவிர, நான் சொன்னபடியே உள்ளது. புகாரைப் பார்த்து எலிகள் பதினைந்து என்று எழுதியிருந்தார்கள். முப்பத்தேழு என்று திருத்தச் சொல்லி, திருத்திய பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ரா. உண்ணாமலை