கதைக்கு ஏற்ற அறை

எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் படிகளை எண்ணிவிடுவேன், ஐயா. உங்கள் காவல் நிலையத்துக்குப் பதினேழு. அதில் பத்தாவது படி கொஞ்சம் உயரம். புதிதாக வருகிறவர்கள் அங்கே தடுமாறுவார்கள். இதெல்லாம் தொழில் புத்தி. நாவல் எழுதுகிறவனுக்கு ஆட்கள் சுலபமாகக் கிடைத்துவிடுவார்கள். இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

என் முதல் நாவலில் ஒரு கதவு நாற்பதாம் பக்கத்தில் உள்பக்கமாகத் திறக்கும், நூற்றுப் பத்தாம் பக்கத்தில் வெளிப்பக்கமாகத் திறக்கும். ஒரு வாசகர் அதைக் குறிப்பிட்டு, 'நடுவில் தச்சர் வந்துவிட்டுப் போனாரா?' என்று கேட்டு எழுதியிருந்தார். மானம் போய்விட்டது. அன்றிலிருந்து முதலில் இடம், பிறகுதான் கதை. சலவைக்கூடத்தைப் பற்றி எழுத ஆறு வாரம் அங்கே துணி மடித்தேன். லிஃப்ட் இயக்குபவனைப் பற்றி எழுத ஒரு மாதம் லிஃப்டில் நின்றேன்.

இரண்டாவது நாவலிலிருந்து என் தங்கைதான் மெய்ப்புத் திருத்தினாள். நாற்பத்து மூன்று வயது, ஆனால் வீட்டில் இன்னும் பாப்பாதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பாள். தூசி மட்டும் அவளுக்கு ஆகாது, மூச்சு இழுத்துக்கொள்ளும். கைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும்.

புது நாவலில் ஒரு பெண்ணை ஓர் அறையில் அடைத்துவிடுகிறார்கள். அவள் என்ன ஆகிறாள் என்பதுதான் கதை. அறைக்காக நான்கு மாதம் அலைந்தேன். ஒன்றில் ஜன்னல் இருந்தது, இன்னொன்றில் பக்கத்துக் கடையின் வானொலி கேட்டது. கடைசியில் என் புத்தகங்களை அச்சடிக்கும் அச்சகத்திலேயே, பின்பக்கத்துக் காகிதக் கிடங்கில் கிடைத்தது. நீளம் பன்னிரண்டு அடி, அகலம் ஒன்பது. ஈரக்காற்று காகிதத்தில் படக் கூடாது என்று கதவைச் சுற்றி ரப்பர் வைத்து அடைத்திருந்தார்கள். பார்த்ததுமே மனசுக்குப் பிடித்துவிட்டது.

அச்சக முதலாளி சாவியைக் கொடுக்கும்போதே சொன்னார். "உள்பக்கம் கைப்பிடி உடைஞ்சு போச்சு சார். கதவுக்கு ஒரு செங்கல் அண்டை கொடுத்துட்டுதான் நாங்களே உள்ள போவோம். மறந்துடாதீங்க."

முதலில் நான்தான் உள்ளே உட்கார்ந்தேன். செங்கல் இருந்தவரை ஒன்றும் இல்லை. மறுநாள் அச்சகத்துப் பைண்டரை வெளியே நிறுத்திவிட்டுக் கதவை மூடச் சொன்னேன். இருட்டு முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. நாக்கு வறண்டுவிட்டது. கதவை அறைந்து அலறினேனாம்; எனக்கு நினைவில்லை. பைண்டர் திறந்து தண்ணீர் கொடுத்தார். "என்ன சார், நாலு நிமிஷம்கூட ஆகலையே" என்றார். என் நோட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. பயந்துபோனவன் எதையும் கவனிப்பதில்லை, ஐயா. அன்று நான் கற்றுக்கொண்டது அதுதான்.

இருந்தாலும் அத்தியாயத்தை எழுதித் தங்கையிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அறை நல்லாத்தான் இருக்கு அண்ணா. பயம்தான் இல்ல. பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி உக்காந்திருக்கா உன் கதாநாயகி."

"உள்ள போனா எனக்கு ஒண்ணுமே ஓட மாட்டேங்குது பாப்பா."

"நீ சின்ன வயசுலேர்ந்தே பயந்தாங்கொள்ளி. நான் போய் உக்காந்து பார்த்துச் சொல்றேன். மூணு தட்டு தட்டினா திறந்துடு."

கேட்டது அவள்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அச்சகத்துக்கு விடுமுறை நாள். காலை பதினொரு மணி. கதாநாயகி கையில் ஒன்றும் இருக்காதே என்றேன். சரி என்று கைப்பையைக் கழற்றி வெளியே முக்காலியின் மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் செங்கல்லை எடுத்தேன்.

பதினொன்று இருபதுக்கு மூன்று தட்டு கேட்டது. திறக்கத்தான் போனேன், கை கைப்பிடி வரை போய்விட்டது. ஆனால் அது, திறப்பார்கள் என்று நம்புகிறவள் தட்டிய தட்டு. என் கதையில் வரும் பெண் அப்படித் தட்டமாட்டாள். இன்னும் ஐந்தே நிமிடம் என்று நினைத்தேன்.

"அண்ணா, போதும் சாமி, ஆளை விடு. ஒரே தூசி" என்றாள். அப்போதும் குரலில் சிரிப்பு இருந்தது. பதினொன்றரைக்கு அது போய்விட்டது. விரலால் தட்டியவள் உள்ளங்கையால் அடித்தாள். பிறகு கதவை விட்டுவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தாள். காகிதக் கட்டு ஒன்று சரிந்து விழும் சத்தம் கேட்டது. வேறு வழி இருக்கிறதா என்று தேடுகிறாள். பத்து வருஷம் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது.

வெளியே நின்ற எனக்கும் வேர்த்துக் கொட்டியது. உட்காரலாம் என்று முக்காலியிலிருந்த கைப்பையைத் தரையில் இறக்கி வைத்தேன். பைக்குள் ஏதோ உருண்டது. அது என்னவென்று எனக்குத் தெரியும். அவளுடைய மூச்சு கதவைத் தாண்டி விசில் மாதிரி கேட்கத் தொடங்கியிருந்தது. எத்தனை விநாடிக்கு ஒரு முறை என்று குறித்துக்கொண்டேன். அந்த நோட்டு இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. மொத்தம் ஏழு பக்கம். படித்துப் பாருங்கள், இருபது வருஷத்தில் நான் எழுதியதில் உயிர் இருப்பது அந்த ஏழு பக்கத்தில்தான்.

சத்தம் நின்றது பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு. ஒருவேளை ஓய்வெடுக்கிறாளோ என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். பிறகுதான் திறந்தேன்.

கதவு சிக்கிக்கொண்டது என்று நேற்று நான் சொன்னது பொய். உங்கள் பூட்டுக்காரர் ஒற்றை விரலால் திறந்து காட்டிவிட்டார், இனி மறைக்க என்ன இருக்கிறது? அது ஒரு கணம்கூடச் சிக்கவில்லை. கைப்பிடியும் என் பக்கத்தில்தான் இருந்தது. அவளைக் கொன்றது நான்தான்.

ஆனால் அந்தப் பொய் உங்களுக்காக உண்டானதில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் அவள் கதவோடு வாயை வைத்து, மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"கதவு மாட்டிக்கிச்சா அண்ணா? பரவால்ல... நீ பயப்படாத. யாரையாவது... கூட்டிட்டு வா."

"ஆமா பாப்பா, மாட்டிக்கிச்சு" என்றேன்.

உண்மை தெரிந்தால் பயந்துவிடுவாளே என்றுதான், ஐயா.