ரெண்டு மணிக்குள்ள ஒரு ரோமாக் காசு

கிட்ட வந்து உக்காரும்மா. இன்னும் கிட்ட. அந்தத் தூண் பக்கம் வேணாம், காத்து ஊசியாக் குத்தும்... ம், அப்படி. எதுல விட்டேன்? ஆங், மூடி! பாட்டில் மூடிம்மா! நொரை பொங்குற ஒயின் இருக்குல்ல, கிறிஸ்துமஸ்ஸுக்கு டப்புனு தொறப்போமே, அந்தக் கார்க்கு மேல ஒரு தகர மூடி இருக்குமே... அதச் சேக்குறாங்களாம்! அதுக்கும் இந்தச் சதுக்கத்துல ஒரு கூட்டம்! என் மருமகன் ஹாகோபோ சொல்றான், "மாமா, உங்க ரோமாக் காச இப்ப யாரு வாங்குறா? மேசைய எங்கிட்ட விடுங்க, மூடி விக்கிறேன்"ங்கறான். எம்பொண்ணு என்ன சொல்லணும்? வாய மூடுய்யான்னு சொல்லணும். சொல்லலையே! "அப்பா, இந்த ஞாயித்துக்கெழம சந்தை கலையறதுக்குள்ள, ரெண்டு மணிக்குள்ள, ஒரே ஒரு ரோமாக் காசு வித்துட்டு வாங்க, மேச உங்களுது. இல்லேன்னா அவருது"ன்னுட்டா. மத்ரீத்துல இந்த வளைவுக்கடியில பழங்காசு வித்தே தலை நரைச்சவன் நானு. எனக்குக் கெடு!

மணி என்ன? ஒண்ணு தாண்டிருச்சா? கெடக்கட்டும்.

புதுசாக் காசு சேக்கப் போறேன்னியே, நல்ல எடத்துலதான் உக்காந்திருக்கே. எதிர்ல பாரு, செவப்புச் சால்வ... பாக்காதே, பாக்காதே! ரெமெதியோஸ், எதிர்க் காசுக்கடக்காரி. அவகிட்டப் போயிருந்தேன்னு வையி, இந்நேரம் உன்னத் தங்கக்காசு வாங்க வச்சிருப்பா. மொதக் காசே தங்கமா? அய்யோ! கான்ஸ்டன்டைன் ராசா காலத்துச் சின்ன வெங்கலக் காசு, நகத்தளவு, அதுல ஆரம்பி. அந்த மனுசன் காச அடிக்கல, வெதச்சுட்டுப் போயிருக்கான். அப்புறம், எவனாவது காதுகிட்ட வந்து "நேத்துதான் தோண்டி எடுத்தது"ன்னு சொன்னான்னா எந்திரிச்சு வந்துரு. அவனுக்குப் பின்னாடியே போலீஸும் வரும்.

ஏம்மா, அந்தத் தட்டு அழுக்கு. கைய ஏன் விடுறே? அது கழுவாத ரோமாச் சரக்கு, ஒண்ணு அஞ்சு யூரோ... சரி, கெளறிக்கோ. பொழுது போகணும்ல.

ஆனா அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, சொல்லட்டா? இந்த மாதிரி அழுக்குத் தட்டுல ஒரே ஒரு நல்ல காசப் போட்டு வப்போம். எல்லாக் கடையிலயும் உண்டு. தூண்டில்ல புழு மாதிரி. அப்பத்தானே ஆளுங்க ஒக்காந்து கெளறுவாங்க? ரெமெதியோஸ் போட்டிருக்கறது என்னன்னு நெனைக்கிறே... தேஞ்சுபோன ஒரு வெள்ளி! கஞ்சம்! நான் போட்டது காளை உருவம் வச்ச காசு. ரோமாக்காரன் காலத்துல கலகூர்ரிஸ்ங்கற ஊர்ல அடிச்சது, நம்ம ஸ்பெயின் காளை, கழுத்துத் தசை தெரியும். மேல மண்ணு அப்பிக் கெடக்கறதால எவன் கண்ணுலயும் படல. வருசக் கணக்கா அப்படியே கெடக்கு. எனக்கு மட்டும் தெரியும், ஓரத்துல எலி கடிச்ச மாதிரி ஒரு பள்ளம்... அத விடு. அது வித்துறக்கூடாதுங்கறதுதான் விசயமே. புழுவ வித்துட்டா தூண்டில வச்சு என்ன பண்ண?

இங்க பாரு, இந்த ஹாட்ரியன. நம்ம செவியா ஊருப் பக்கத்துப் பய, ரோமாவுக்கே ராசாவாயிட்டான். தாடியப் பாத்தியா? பச்சையப் பாத்தியா, ஆலிவ் எல மாதிரி? வருசக் கணக்காப் படிஞ்ச அந்தப் பச்சதான் காசுக்கு உசிரு. புதுசா வர்றவங்க மொதல்ல என்ன பண்ணுவாங்க தெரியுமா, வீட்டுக்குப் போயி எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேச்சுருவாங்க! பளபளன்னு ஆயிரும், பைசாவுக்கு ஆவாது. தேக்கவே தேக்காதே. அப்படித் தேச்சுக் கெடுத்ததுக்கு மேல பச்சச் சாயத்தப் பூசி விக்கிற ஆளும் இருக்கு... நான் பேரு சொல்லல, செவப்புச் சால்வ. அதக் கண்டுபிடிக்க ஒரு வழி: நகச்சாயம் அழிக்கிற தண்ணி இருக்குல்ல, அதப் பஞ்சுல தொட்டு ஓரமாத் தடவு. நெசப் பச்ச அசையாது. பொய்ப் பச்ச பஞ்சுல வந்துரும்.

இன்னொண்ணு. பேரம். உனக்கு எது புடிச்சிருக்கோ அதப் பாக்கவே பாக்காதே. வேற ஒண்ண எடு, அதுக்கு அடிச்சுப் பேசு, கோவிச்சுக்கோ, மொகத்தத் தூக்கிக்கோ. அப்புறம் போனாப் போகுதுங்கற மாதிரி, "சரி, இதயாவது குடுங்க"ன்னு நெசமாப் புடிச்சதக் கேளு. வாங்கினதும் அங்கயே வச்சுப் பாக்காதே. கடக்காரன் உன் மொகத்தப் பாத்தே வெலய ஏத்திருவான். வளைவத் தாண்டிப் போய்ப் பாரு. இதெல்லாம் எவன் சொல்லிக் குடுப்பான்? வாய் வலிக்கச் சொல்றேன். கணவாய் மீனப் பொரிச்சு உள்ள வச்ச ரொட்டி ஒண்ணு இந்நேரம் சாப்பிட்டிருப்பேன்...

என்ன, ஹாட்ரியன் என்ன வெலயா? உனக்காக எம்பது. அட, மொகத்தச் சுளிக்கிறியே! அறுவது. பையில என்னம்மா தேடுறே... கைக்குட்டையா?

ஏய். அது என்ன சீசா?

வேணாம்மா. இது நல்ல காசும்மா, இதுக்குப் போயி... பஞ்சும் வச்சிருக்கியா! பொண்ணுங்க பையில என்னதான் இல்ல... தடவாதேன்னா... தடவிட்டியே! பஞ்செல்லாம் பச்சையாயிருச்சே.

மெதுவாப் பேசு, மெதுவா! அந்தப் பஞ்சக் கீழ போடு, ரெமெதியோஸ் எட்டிப் பாக்குறா! சரிம்மா, சரி. எலுமிச்சம்பழம் நாந்தான். போன குளிருல கை சும்மா இருக்கல. சாயமும் நாந்தான். மருமகன் மூடியக் கொண்டாந்து குவிக்கிறான், மனுசன் என்னதான் பண்ணுவான்? எந்திரிக்காதே. உக்காரு. மணி என்னாச்சு... அய்யோ, எல்லாரும் மேசைய மடக்குறாங்களே! ஒரே ஒரு ரோமாக் காசும்மா. எதுனாலும் பரவால்ல. கோவிச்சுக்கிட்டுப் போகாதே.

என்ன, இதுவா? அந்த அழுக்கா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ! அஞ்சு யூரோ, பேரமே வேணாம். தா. ரெமெதியோஸ்! கேட்டுக்கோ, வித்தாச்சு! ரோமாக் காசு வித்தாச்சு! ஹாகோபோ உன் மூடியெல்லாம் கொண்டுபோய்க் கடல்ல கொட்டுடா! மேச என்னுதுடா!

போய்ட்டு வாம்மா, மகராசியா இரு... பாரேன், திரும்பியே பாக்காம நடக்குறா. காசப் பாக்கக்கூட இல்ல, கைய மூடினது மூடினபடியே. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு ஆசையே கெடையாது. எவ்வளவு நேரம் தட்டக் கெளறுனா, கடேசில ஒரு அழுக்கக் கொண்டுபோறா... அதுலயும் கட்டவெரலால ஓரத்தயே தடவிக்கிட்டு...

ஓரத்தயா?

தட்டு. தட்டு எங்க? இது இல்ல... இது இல்ல... என் காளை எங்க, பள்ளம் வச்சது எங்க, எலி கடிச்சது எங்க... அம்மா! ஏம்மா! கொஞ்சம் நில்லும்மா!

வளைவத் தாண்டிட்டா. இப்பத்தான் கைய விரிக்கிறா. வெயில்ல தூக்கிப் பாக்குறா... எச்சி தொட்டுத் தொடைக்கிறா... அடியாத்தீ, முத்தம் குடுக்குறா.