பாதி இலைச் சாப்பாடு

"ஹலோ... ஹலோ... அக்கா, சத்தமா பேசு. மில்லு ஓடிக்கினு கீது, ஒன்னும் கேக்கல... இரு, இரு, வெளிய வர்றேன்."

வேதாசலம் தராசில் இருந்த மூட்டையை அப்படியே விட்டுவிட்டு, ரைஸ்மில்லின் பின்வாசல் வழியாக உமிக் குவியல் பக்கம் வந்தார். உத்திரமேரூரில் அந்த மில்லுக்கு எடை போடுகிறவர் அவர். வேலை நேரத்தில் பார்வதி அக்கா கூப்பிடுகிறாள் என்றால் சும்மா இருக்காது. சாலவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். தன் தெருவிலேயே ஒரு பையனைப் பிடித்து, தம்பி மகள் சுபாஷ்ரீக்கு முடித்துவிட வேண்டும் என்று ஆறு மாதமாகக் கால் தேய நடந்துகொண்டிருக்கிறாள்.

"ம்... சொல்லு... ஆமா, ஞாயித்துக்கெழம மாப்பிள வூடு பாத்துட்டு வந்தோம். நல்லாத்தான இருந்துது?... இன்னாது?... யாரு, சொக்கம்மாவா சொன்னாங்க?... எனக்குப் புடிக்கலன்னா?... ஐயையோ, நான் எப்பக்கா சொன்னேன்?... இலையில பாதிய வெச்சிட்டு எழுந்ததா? அடக் கடவுளே!"

சம்பந்தம் பேசும் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று பொருள். பிடிக்காதவர்கள் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். வேதாசலமோ பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வடையை ஓரங்கட்டி, பாயசத்துக்குக் கையைக் குறுக்கே நீட்டி, சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்கிறார். பரிமாறிய சொக்கம்மாள் மாப்பிள்ளை தினகரனைப் பெற்றவள். அவள் இதை என்னவென்று எடுத்துக்கொள்வாள்? பாதி சம்மதம் என்று ஒன்று உலகத்தில் உண்டா?

"அக்கா, நீயாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?... இன்னா? நீயும் அதையே கேக்குறியா! கொறச்சாச்சே, இனிமே தின்னா இன்னான்னு?... அக்கா... அக்கா... ஒரு நிமிசம் என்னப் பேச வுடு!"

இந்த இடத்தில் அந்த மனிதருக்காக நாமும் கொஞ்சம் பேசியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அவர் நூற்றி நாலு கிலோ. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்த பார்வையில் வெலவெலத்துப் போய், ஒரே வருடத்தில் இருபத்தெட்டு கிலோ இறக்கினார். அப்போது டீக்கடையில் நிறுத்தி நிறுத்தி விசாரித்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு வருடம் ஓடிவிட்டது. எழுபத்தாறிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாரே, அதை மட்டும் ஒரு ஆள் கேட்பதில்லை.

"கொறைக்கிறதுகூட சுலுவுக்கா. வாராவாரம் முள்ளு எறங்கிக்கினே வரும், பாத்தா ஒரு குஷி. இப்ப இன்னா கீது? போன மாசமும் எயுவத்தாறு, இந்த மாசமும் எயுவத்தாறு. எவன் கை தட்டுறான்? பசி மட்டும் அப்படியே கீது... ஆமா, இன்னும் பசிக்குது. அது எங்க போவும்?... இன்னிக்கு ஒரு நாள்தானன்னு சொல்லாத. அந்த ஒரு நாளு இன்னா பண்ணும்னு எனக்குத்தான் தெரியும். ஏயு வருசத்துக்கு முன்ன பன்னெண்டு கிலோ எறக்கினேனே, நெனவு கீதா?... பொங்கல் ஒரு நாள்தானன்னு ஆரம்பிச்சேன். சித்திர வரசொல்ல பதினஞ்சு ஏறிப்போச்சி... ஆமா, நீதான கறி ஆக்கிப் போட்ட, வேற யாரு?... சிரிக்காதக்கா."

அவரும் சிரித்துவிட்டார். உடனே மகள் முகம் ஞாபகம் வந்து சிரிப்பு அடங்கிவிட்டது.

"சரி, சரி, தப்புதான். முன்னாடியே சொல்லிட்டு ஒக்காந்திருக்கணும்... சுபாவா? அவளுக்கு ஒன்னும் தெரியாது. காலைல நாஷ்டா துன்னசொல்லகூட அந்தப் பையன்கிட்டதான் போன்ல பேசிச் சிரிச்சிக்கினு இருந்தா. இது நின்னு போச்சுன்னா அவ மூஞ்சில நான் எப்படிக்கா முயிப்பேன்? ஒரு கரண்டி பாயசத்தால எம்பொண்ணு வாழ்க்க போச்சுன்னா... ரொம்ப பேஜாரா கீதுக்கா... இன்னாது?... நீ இப்ப எங்க கீற?... அவங்க வூட்டுலயா!... ஸ்பீக்கர்ல போட்டுக்கீறியா? எப்பத்துலருந்து?... மொதல்லருந்தேவா? உன்ன... வேணாம், வேணாம், குடுக்காத, நான் அப்புறமா... வணக்கம்மா! வணக்கம், வணக்கம்!"

மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவசரமாக அவிழ்த்து இறக்கிவிட்டார். சாலவாக்கத்தில் இருக்கிற சொக்கம்மாளுக்கு உத்திரமேரூரில் இவர் முழங்கால் தெரியப்போகிறதா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

"கீறேம்மா, நல்லா கீறேன்... நோவு நொடி ஒன்னும் இல்லம்மா. சுகர் மாத்திரகூட டாக்டரே நிறுத்திட்டாரு... இல்ல, இல்ல, உப்பு ஒறப்பு எல்லாம் சரியாத்தான் இருந்துது... ஆமா... ஆமாம்மா... விடியறதுக்கு முன்னயே எழுந்து மாவு ஆட்டினீங்களா?... எனக்கோசரமா?... நீங்களே ஒக்காந்து முந்திரி ஒடச்சீங்களா?... தப்புதாம்மா... ஆமா, பந்தியில எல்லார் முன்னாடியும்தான்... தப்புதான்."

சமாதானம் சொல்லச் சொல்ல எதிர்ப்பக்கம் இறங்குவதாக இல்லை. கடைசியில் அவர் மனதில் இருந்தது தானாக வெளியே வந்தது.

"அம்மா, ஒன்னு சொல்லட்டுமா?... உங்க வூடு எனக்குப் புடிக்காம இருந்தா, போட்டதையெல்லாம் மரியாதிக்குத் துன்னுட்டு வந்திருப்பேன். தெரியாத வூட்டு விசேசத்துல ரெண்டு தரம் அப்படித்தான் மாட்டிக்கினேன். வேணாம்னு சொல்ல வாய் வரல. அப்புறம் அத எறக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உங்க வூட்டுலதாம்மா எங்க வூட்டுல ஒக்காந்து துன்ற மாதிரி துன்னேன். வேணாம்னா வேணாம்னு சொன்னேன். நம்ம மனுசங்கதான, கோச்சிக்க மாட்டாங்கன்னு நெனச்சிட்டேன்."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"ஹலோ?... அம்மா?... கீறீங்களா?... அக்கா, இன்னா ஆச்சு?... அழறாங்களா?... சிரிக்கிறாங்களா? ரெண்டுல ஒன்னு ஒயுங்கா சொல்லுக்கா!... ஆங், சொல்லுங்கம்மா... பூ வெக்கவா?... ஆவணி பத்தா?... வர்றோம்மா, எல்லாரும் வர்றோம்... எனக்கா? ஒரு கரண்டி சோறு, ரெண்டு கரண்டி கூட்டு, போதும்... நீங்களே பக்கத்துல நின்னு பாத்துக்குறீங்களா?... யாராவது வெச்சித் திணிக்க வந்தா கரண்டியப் புடுங்கிடுவீங்களா? அது போதும்மா, அது போதும்... இன்னா சொன்னீங்க?... சரியா கேக்கல, இன்னொரு தரம் சொல்லுங்க."

நன்றாகவே கேட்டிருந்தது. ஆறு மாதமாக அவரை 'சார்' என்று கூப்பிட்டவள் அவள். இன்னொரு தரம் கேட்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

"அண்ணனா?... சரி தங்கச்சி... வர்றேன் தங்கச்சி..."

லைன் கட்டாகிவிட்டது. அது தெரியாமல் அவர் இன்னும் இரண்டு தரம் தங்கச்சி என்றார்.