இந்தப் போனில் இயங்காது

பரிமளகாந்தி: அப்ப போன் செத்துப்போச்சு எண்டுறீரோ, கடைக்காரத் தம்பி?

நப்ரீஸ்: போனுக்கு ஒண்டுமில்ல அன்ரி. இந்த வீடியோதான் இதுல ஓடாது.

பரிமளகாந்தி: ஏன் ஓடாது? காலமை முழுக்கச் சமையல் வீடியோ ஓடினது.

நப்ரீஸ்: அது பழைய மாதிரி வீடியோ. இது புதுசு. ஒங்கட போனுக்குக் கம்பெனிக்காரன் அப்டேட் குடுக்கிறத நிப்பாட்டிட்டான்.

பரிமளகாந்தி: வாங்கி ஆறு வருசம்தானே. என்ர பிரிஜ்ஜுக்கு இருவத்திரண்டு வயசு. ஒருநாளும் என்னட்ட அப்டேட் கேட்டதில்லை.

நப்ரீஸ்: பிரிஜ்ஜுல கலியாணம் பாக்க ஏலாதே அன்ரி.

பரிமளகாந்தி: பகிடி விடாதையும். இப்ப நேரம் என்ன?

நப்ரீஸ்: நாலரை.

பரிமளகாந்தி: எங்கட நேரம் ஏழு மணிக்கு ரொறன்ரோவில அண்ணற்ற இளைய மகளுக்குத் தாலி ஏறுது. எங்கட பிளாட்ஸில ஒன்பது பேருக்குச் சொல்லிப்போட்டன், என்ர வீட்டு டீவியில பெரிசாப் பாக்கலாம் வாங்கோ எண்டு. வடைக்கு உழுந்தும் ஊறுது.

நப்ரீஸ்: ஒன்பது பேரா...

பரிமளகாந்தி: மேல்மாடி லக்ஷ்மிப்பிரியாவும் வாறா. அவ ஒருத்தி வந்தாலே ஒன்பது பேர்தான்.

நப்ரீஸ்: அப்ப அவங்கட போன்ல போட்டுப் பாக்கலாமே?

பரிமளகாந்தி: அவவிட்டக் கேக்கிறதிலும் பாக்க பஸ் பறக்கிற காலி வீதிக்குக் குறுக்கால நான் படுப்பன்.

நப்ரீஸ்: சரி, சரி... லிங்க் அண்ணன் அனுப்பினதா?

பரிமளகாந்தி: அவருக்குக் கலியாண வேலை தலைக்கு மேல. சின்னம்மாவின்ர மகள் தனக்கு வந்ததை எனக்கு அனுப்பினவள். எல்லாம் ஒண்டுதானே?

நப்ரீஸ்: ம்...

பரிமளகாந்தி: என்ன ம்?

நப்ரீஸ்: ஒண்டுமில்ல. மூத்தவங்கட கலியாணமும் இதுலதான் பாத்தீங்களா?

பரிமளகாந்தி: போன வருசம், இதே போனில. தண்ணி மாதிரி ஓடினது. நான் கதைச்சுக் கதைச்சுப் பாத்தனான்.

நப்ரீஸ்: ஆரோட கதைச்சீங்க?

பரிமளகாந்தி: வீடியோவுக்குக் கீழ எழுதுற இடம் ஒண்டு இருக்குதல்லோ? லண்டனில என்ர தங்கச்சியும் பாத்துக்கொண்டிருந்தவள். "தாலிக்கொடி பதினொரு பவுணும் வராது, மாப்பிள்ளை வீட்டார் நூல் மாதிரிச் செய்து போட்டிருக்கினம்" எண்டு அவளுக்கு எழுதினனான்.

நப்ரீஸ்: அன்ரி... அங்க எழுதினா அவங்களுக்கு மட்டும் போகாதே.

பரிமளகாந்தி: பிறகுதான் தெரிஞ்சது. மண்டபத்தில பெரிய திரை கட்டி அதிலயும் போட்டிருந்தவையாம். முந்நூறு பேர். மாப்பிள்ளையின்ர தாய் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசிச்சவவாம்.

நப்ரீஸ்: யா அல்லாஹ்...

பரிமளகாந்தி: பொய்யோ எழுதினனான்? இப்பவும் சொல்லுவன், பதினொண்டு வராது.

நப்ரீஸ்: அண்ணன் ஒண்டும் செல்லல்லயா?

பரிமளகாந்தி: ஒண்டும் சொல்லேல்லை... ஒரு வருசமா ஒண்டுமே சொல்லேல்லை.

நப்ரீஸ்: போன இப்பிடி மேசையில வெப்பம் அன்ரி.

பரிமளகாந்தி: இப்ப ஏன் போனைக் கவிட்டு வைக்கிறீர்? திரையில ஏதோ இங்கிலீசில வந்ததே.

நப்ரீஸ்: அதுதான்... சப்போர்ட் இல்லண்டு வருது.

பரிமளகாந்தி: ரெண்டு சொல்லைச் சொல்ல மூண்டு வரியோ?

நப்ரீஸ்: கம்பெனிக்காரன் நீட்டித்தான் எழுதுவான் அன்ரி.

பரிமளகாந்தி: சரி. அந்த அலுமாரியில இருக்கிற புதுப் போனை எடும்.

நப்ரீஸ்: அது வாணாம்.

பரிமளகாந்தி: ஏன் வேண்டாம்? காசு கொண்டுதான் வந்தனான்.

நப்ரீஸ்: அதுலயும் ஓடாது.

பரிமளகாந்தி: அதுக்குப் பக்கத்தில இருக்கிறது? அது போன கிழமைதான் வந்ததெண்டு வெளியில எழுதி ஒட்டியிருக்கிறீர்.

நப்ரீஸ்: அதுலயும்... இந்த லிங்க் ஒங்களுக்கு எதுலயும் ஓடாது அன்ரி. சல்லிய வீணாக்காதீங்க. வடையச் சுடுங்க, வாற ஆக்களுக்குக் குடுங்க, போன் பழுதாப் பெய்த்தெண்டு செல்லுங்க.

பரிமளகாந்தி: வாயால சொன்னால் லக்ஷ்மிப்பிரியா நம்பமாட்டா. நாளைக்கு விடிய முதல் பிளாட்ஸ் முழுக்க வேற கதை ஓடும். பில்லில எழுதித் தாரும். இங்கிலீசில.

நப்ரீஸ்: என்னெண்டு எழுத?

பரிமளகாந்தி: "இந்த வீடியோ இந்தப் போனில் இயங்காது." எழுதிப்போட்டுக் கடை ரப்பர் சீலும் குத்தும்.

நப்ரீஸ்: எழுதுறேன்... ஆனா அன்ரி, ஒங்களுக்கு... எப்பிடிச் செல்ற...

பரிமளகாந்தி: நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம். முப்பத்திமூண்டு வருசம் இங்கிலீஷ் படிப்பிச்சனான், தம்பி. அழைச்ச ஆக்களுக்கு மட்டும்தான் திறக்கும் எண்டு அந்த மூண்டு வரியில இருக்கிறதைக் காலமையே வாசிச்சிட்டன். வெள்ளவத்தையில ஒரு கடைக்காரன் புதுப் போன் வாங்காதேங்கோ எண்டு மறிக்கேக்கை, நீரும் வாசிச்சிட்டீர் எண்டு விளங்கினது. நல்ல பிள்ளை, எனக்காகப் பொய் சொன்னீர். நான் வந்தது இந்தத் துண்டுக்குத்தான்... ரப்பர் சீல் அமத்திக் குத்தும். போனுக்கு மானம் ரோசம் இல்லைத்தானே, பழியை அது சுமக்கட்டும்.