அவர் தூக்கம் கலையக் கூடாது

காப்பி வேண்டாம் ஐயா. இந்த நேரத்துக்கு மேல் குடித்தால் எனக்குத் தூக்கம் வராது. தூக்கம் கெட்டவள் மனுஷியாக இருக்க முடியாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

என் வீட்டுக்காரர் கஸ்பார் நல்ல மனிதர். சாணார்பட்டி ரூட்டில் கண்டக்டராக இருந்தார். சந்தைக்கு வரும் பெண்களின் கூடைகளைத் தானே இறங்கித் தூக்கிக் கொடுப்பார். ட்ரிப் முடிந்து வண்டி நின்றால் போதும், பின்சீட்டில் சாய்ந்தவுடன் குறட்டை விடுவார். அப்படிப்பட்டவருக்குக் கிட்னி இரண்டும் கெட்டதும், கூடவே தூக்கமும் போனது.

அப்போது எங்களுக்கு டயாலிசிஸ் என்றால் மதுரைதான். வாரத்துக்கு இரண்டு முறை. நாகல் நகரில் எங்கள் தெருவிலேயே இருக்கும் முனீர் தன் அம்பாசிடரில் கூட்டிப்போவான். திரும்பும்போது சின்னாளப்பட்டி வருவதற்குள் என் தோளில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்வார். வீட்டில் வந்து படுத்தால் அதுவும் கிடையாது. உடம்பெல்லாம் அரிப்பு. கால் இரண்டும் சும்மா கிடக்காது.

"எலும்புக்குள்ள எறும்பு ஊறுற மாதிரி இருக்கு ரோசு. செத்த நேரம் புடிச்சு விடு" என்பார்.

பிடித்து விடுவேன். கையை எடுத்தால் விழித்துக்கொள்வார். உட்கார்ந்தபடியே எனக்கு விடியும். வருடக்கணக்கில் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பெடுக்கும்போது, பிள்ளைகள் முன்னால் ஊசியும் கையுமாகத் தூங்கி விழுந்திருக்கிறேன். அவர் தங்கை நான்சி, "அண்ணன கொஞ்ச நாளு எங்க வீட்டுல விடுங்க மதினி. நீங்களும் தூங்குவீங்கல்ல" என்று கேட்டாள். நான் விடவில்லை. அவர் காலைப் பிடிக்கிற பக்குவம் அவளுக்கு வராது. வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் நினைத்தேன்.

ஒருநாள் மதுரை டாக்டர் சொன்னார்: "டயாலிசிஸ்ல இருக்கவங்கள்ல நல்லாத் தூங்குறவங்கதாம்மா அதிக நாள் தாக்குப் பிடிக்கிறாங்க. அவர் தூக்கத்தைக் கவனிங்க." தன்னைக் கேட்காமல் தூக்க மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். முதலில் சொன்னதை மட்டும் நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

மாத்திரையை எங்கே வாங்கினேன் என்பதை விட்டுவிடுங்கள். கடைக்காரர் பாவம், எனக்கென்று நினைத்துக் கொடுத்தார். கஸ்பாருக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். அந்த டம்ளருக்காக நாளெல்லாம் காத்திருப்பார். அதில்தான் கலந்தேன்.

"கசக்குதே ரோசு."

"சீக்கு வாயிக்கு எல்லாம் கசக்கத்தாங்க செய்யும்" என்றேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

தூங்கினார் ஐயா. முகத்தில் அந்தப் பழைய கண்டக்டர் தெரிந்தார். காலையில் முனீர் வந்தபோது எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவரே வரவில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கும் மாத்திரை கொடுத்தேன். அதற்கு அடுத்த நாளும் கொடுத்தேன்.

மறு முறை வந்தபோது முனீர் தயங்கி நின்றான். "போன தடவையும் போகலையேம்மா. ஆஸ்பத்திரியில என்னயக் கேப்பாங்க."

"அவருக்கு வெறுத்துப்போச்சுப்பா. நம்ம வற்புறுத்தக் கூடாது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். நான்சியிடமும் போனில் அதையே சொன்னேன்.

கஸ்பாருக்கு வெறுக்கவில்லை. இதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளலாம். நான்சி மகள் ஜெஸ்ஸிக்குச் சர்ச்சில் புதுநன்மை விழா வரப்போகிறது, பேண்டு செட்டு தன் பொறுப்பு என்று சொல்லியிருந்தார். மயக்கம் தெளியும்போதெல்லாம், "இன்னைக்கு என்ன கெழமை? மதுரைக்குப் போகணும்ல?" என்று கேட்பார்.

"நேத்துத்தான போயிட்டு வந்தோம். அம்புட்டு மறதியா?" என்பேன்.

நான் சொன்னால் நம்புவார். முகம் வீங்கிப்போய் இருந்தது.

கடைசி நாள் காலையில் அவராகவே எழுந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பாதிப் பொத்தான் போட்டிருந்தார். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது.

"முனீர் வந்துட்டான் ரோசு."

"அது வேற வண்டிங்க. நீங்க படுங்க."

அவர் போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு முட்டுது புள்ள. பக்கத்துலயே இரு" என்றார்.

"இருக்கேன்" என்றேன்.

வெளியே போய் முனீரை அனுப்பிவிட்டு வாசல் கதவைத் தாழிட்டேன். உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டார். வெளிச் சத்தத்தில் அவர் தூக்கம் கலையக் கூடாது என்று அவர் அறைக் கதவையும் சாத்தினேன். பக்கத்து அறையில் பாயை விரித்துப் படுத்தேன்.

சாயங்காலம் நான்சி வந்து கதவை உடைக்கிற மாதிரி தட்டியபோதுதான் விழித்தேன். கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதில்லை.

எல்லாம் அவர் ஆயுசுக்காகத்தான் ஐயா செய்தேன்.